வெள்ளைத் திட்டு மிளகாய்

மாணவர்களே! மிளகாய் இலையில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளைத் திட்டுகளைக் கண்டால், செடிக்கு நோய் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் பிறவியிலேயே இப்படி இலைவிடும் மிளகாய் வகைகளும் உண்டு. அழகுக்கும் சமையலுக்கும் அவற்றை வளர்க்கிறார்கள்.

அமெரிக்காவில் செசபீக் விரிகுடாப் பகுதியின் கறுப்பின மக்கள் வளர்த்துவந்த 'மீன் மிளகாய்' அத்தகையது. அதன் காயும் பாலாடை நிறத்தில் பச்சைக் கோடுகளுடன் இருக்கும், பழுத்தால் சிவக்கும். வெளிறிய காயை மீனுக்கான வெண்ணிறக் குழம்பில் சேர்த்தால் காரம் ஏறும், நிறம் மாறாது.

இலையில் வெள்ளை எப்படி வந்தது? அங்கே பச்சையம் இல்லை. பச்சையம் இல்லாத இடத்தில் ஒளிச்சேர்க்கை நடவாது. பச்சைப் பகுதி தயாரிக்கும் உணவைக் கொண்டே வெள்ளைப் பகுதியும் வாழ்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கலாமா? ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். ஆகவே ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பகலெல்லாம் வெயில் பட்ட இலையைப் பறித்து, திட்டுகளைப் படமாக வரைந்துகொள்ளுங்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு எடுங்கள். அடுப்பை அணைத்தபின், ஆல்கஹால் உள்ள சோதனைக்குழாயில் இலையை இட்டு, குழாயை அந்த வெந்நீரில் நிறுத்துங்கள். பச்சையம் கரைந்துவிடும். இலையைக் கழுவி அயோடின் கரைசலைச் சொட்டுங்கள். பச்சையாயிருந்த இடம் கருநீலமாகும். அங்கே மாவுச்சத்து இருக்கிறது. வெள்ளை இடத்தில் அந்த நிறம் வராது. இந்த மிளகாய் கிடைக்காவிட்டால் திட்டுள்ள மணிபிளான்ட் இலை போதும்.

உணவு தயாரிக்கும் பரப்பு குறைவதால் இச்செடி மெதுவாக வளரும். காலை வெயில் வேண்டும். கோடையின் உச்சி வெயில் வெள்ளைத் திட்டுகளைக் கருக்கிவிடும். கம்மாபுரத்தில் இருப்பவர்களுக்குப் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் அருகில்தான். மெருகிட்ட பீங்கான் தொட்டியின் சுவர் வழியே நீர் ஆவியாகாது. ஆகவே அடியில் துளை இருக்கட்டும். மண்தொட்டிக்கு விடுவதைவிடக் குறைவாக நீர் விடுங்கள்.

விதை போட்டால் நாற்றுகள் ஒன்றுபோல் இரா. முழு வெள்ளை நாற்று, விதையிலுள்ள உணவு தீர்ந்ததும் மடியும். முழுப் பச்சை நாற்று நன்றாக வளரும். ஆனால் அதில் திட்டு இராது. பச்சையும் வெள்ளையும் கலந்த நாற்றையே விதைக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மீன் மிளகாயும் ஒருகாலத்தில் மறைந்துபோகும் நிலையில் இருந்தது. 1940-களில் ஓவியர் ஹோரஸ் பிப்பின் அதன் விதைகளை ரால்ஃப் வீவர் என்பவருக்குத் தந்தார். வீவரின் பேரன் அவற்றைக் குளிர்பதனப் பெட்டியில் கண்டெடுத்து முளைக்க வைத்தார். 1995-இல் விதை சேமிப்போரிடையே அது மீண்டும் பரவியது.

உங்கள் தொட்டியில் முளைப்பவற்றுள் எத்தனை பச்சை, எத்தனை வெள்ளை, எத்தனை கலப்பு? எண்ணிக் குறித்து வாருங்கள்.