பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும் கைகோத்தால் நமக்கு என்ன நன்மை?

"பல்கலைக்கழக ஆராய்ச்சி என்பது படித்தவர்கள் விஷயம், அதனால் நம் வீட்டு அடுப்பு எரியுமா?" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எரியும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தோல் தொழிலே அதற்குச் சான்று.

முற்காலத்தில் ஆவாரம்பட்டை போன்றவற்றைக் கொண்டு பாதி பதனிட்ட தோலையே பெருமளவில் கப்பலேற்றினார்கள். அதைக் காலணியாகவும் பையாகவும் ஆக்கிப் பெரும் இலாபம் கண்டவர்கள் வெளிநாட்டார். 1970களில் அரசு இந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோலும் தோல் பொருள்களும் இங்கேயே செய்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. அதற்குப் புதிய தொழில்நுட்பமும் பயிற்சி பெற்ற ஆட்களும் தேவைப்பட்டன.

அந்தத் தேவைக்குக் கைகொடுத்தது, 1948இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அண்ணா பல்கலைக்கழகத்தின் தோல் தொழில்நுட்பப் படிப்பும் இந்நிறுவனத்தோடு இணைந்தே நடந்துவருகிறது. அதனால் மாணவர்கள் பட்டம் பெறும்போதே ஆய்வுக்கூடத்தையும் தொழிற்சாலையையும் அறிந்துகொள்கிறார்கள்.

தொழில் வளர்ந்தது, கூடவே கழிவும் பெருகியது. பாலாற்றுப் படுகையில் கிணறுகள் கெட்டன, விளைநிலங்கள் பாழாயின. பொதுமக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும். சுத்திகரிப்பு வசதி இல்லாத தொழிற்சாலை இயங்கக் கூடாது என்றது. முதலாளியின் முதலீடு, தொழிலாளியின் கூலி, விவசாயியின் கிணறு மூன்றுமே ஆபத்தில் இருந்தன.

ஆராய்ச்சியின் பயன் இங்கேதான் தெரிகிறது. பழைய முறையில் தோலைப் பதனிடப் போடும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரில் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய இரசாயனம் சாக்கடையில் ஓடி, ஊர்த் தண்ணீரையும் கெடுக்கிறது. அந்தக் குரோமியத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறையை ஆய்வாளர்கள் தொழிற்சாலைகளுக்குக் கற்றுத் தந்தார்கள். பின்னர், பதனிடும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காத முறையையும் உருவாக்கினார்கள். இதனால் செலவும் குறைகிறது, கழிவில் உப்பும் குறைகிறது. பாலாற்றின் துயரம் இத்தோடு தீர்ந்துவிடவில்லை. ஆனாலும், தொழிலையும் தண்ணீரையும் சேர்த்துக் காக்க வழி உண்டு என்பது தெளிவாயிற்று.

இத்தகைய கூட்டுறவு பொதுவாக மூன்று விதமாக நடக்கும். ஒரு நிறுவனம் பணம் கொடுத்துத் தன் பிரச்சினைக்குத் தீர்வு தேடச் சொல்வது முதல் விதம். கட்டணம் செலுத்திச் சோதனையும் ஆலோசனையும் பெறுவது இரண்டாவது. பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பை உரிமத்தொகை கொடுத்துப் பயன்படுத்துவது மூன்றாவது. எதுவானாலும் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம், ஆய்வு முடிவை மாணவர் வெளியிடலாமா, வரும் வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சோடு விட்டால் பின்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

பெரிய நிறுவனங்களுக்குச் சொந்த ஆய்வுக்கூடம் வைக்க வசதி உண்டு. பத்துப் பேரை வைத்து நடத்தும் சிறு பட்டறைக்கு அது இயலாது. ஆகவே இந்த உதவி அதிகம் தேவைப்படுவது சிறு தொழில் செய்யும் நம் குடும்பங்களுக்கே. ஒரே தொழில் செய்யும் பத்துப் பட்டறைக்காரர்கள் கூடி, தங்கள் பொதுப் பிரச்சினையை எழுதி அருகிலுள்ள பொறியியல் கல்லூரிக்கு எடுத்துச் செல்லலாம். இறுதியாண்டு மாணவர்கள் செய்ய வேண்டிய திட்டப்பணிக்கு அதுவே நல்ல தலைப்பாகும்.

1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியைத் தொடங்கிய நம் முன்னோர், தொழிலில் ஈட்டியதைக் கல்விக்குக் கொடுத்தார்கள். அந்தக் கல்வியைத் தொழிலுக்குத் திருப்பிக் கொண்டுவருவது நம் கடமை. உயர்படிப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, "இந்தத் துறை எந்தத் தொழிற்சாலைகளோடு சேர்ந்து ஆய்வு செய்கிறது? மாணவருக்கு அங்கே பயிற்சி உண்டா?" என்ற இரண்டு கேள்விகளையும் கல்லூரியில் தயங்காமல் கேட்போம்.