ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதி

பெல்ஜியம் பரப்பளவில் இலங்கையின் பாதியும் இல்லாத நாடு. ஆயினும் ஐரோப்பிய வரலாற்றைக் கற்பிக்கையில் நான் அங்கே சற்று நின்று விளக்குவதுண்டு. வல்லரசுகளின் வாக்குறுதியை நம்பி ஒரு சிறிய நாடு வாழ முடியுமா என்ற கேள்விக்கு அதன் வரலாறு விடை தேடுகிறது.

1815இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ, இன்றைய பெல்ஜியத்திலேயே உள்ளது. அதே ஆண்டில் வல்லரசுகள் பெல்ஜியத்தை ஒல்லாந்துடன் இணைத்தன. நமது கரையோரங்களை 1796 வரை ஆண்ட அதே ஒல்லாந்துதான். மன்னர் புரட்டஸ்தாந்தர், பெல்ஜிய மக்களோ பெரும்பாலும் கத்தோலிக்கர். மொழியிலும் ஆட்சியிலும் மனக்குறைகள் வளர்ந்தன. 1830 ஓகஸ்டில் பிரசெல்சில் கிளர்ச்சி வெடித்தது. ஒக்டோபரில் சுதந்திரம் பிரகடனப்படுத்தப்பட்டது.

இங்கே பிரித்தானியா ஏன் தலையிட்டது? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பெல்ஜியக் கரை இங்கிலாந்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அதன் துறைமுகங்கள் ஒரு வல்லரசின் கையில் விழுவதை லண்டன் விரும்பவில்லை. 1831இல் முதல் மன்னரான முதலாம் லியோபோல்ட், பின்னாளில் இங்கிலாந்து மகாராணியான விக்டோரியாவின் தாய்மாமன். 1839 ஏப்ரல் 19இல் கைச்சாத்தான லண்டன் உடன்படிக்கையில் பிரித்தானியா, பிரான்ஸ், ஒஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா ஆகிய ஐந்தும் பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு உத்தரவாதம் அளித்தன.

எழுபத்தைந்து ஆண்டுகளின் பின், 1914 ஓகஸ்ட் 4இல், ஜேர்மனியப் படைகள் பெல்ஜியத்தினுள் புகுந்தன. "ஒரு துண்டுக் கடதாசிக்காகவா போர்?" என்ற கருத்தில் ஜேர்மனியப் பிரதமர் பேசியதாகப் பிரித்தானியத் தூதுவர் அறிவித்தார். அன்றே பிரித்தானியா போர்ப் பிரகடனம் செய்தது. சுமார் 250,000 பெல்ஜிய அகதிகளுக்கு அந்நாடு புகலிடம் அளித்தது.

அந்த வாக்கின் விலையைச் செலுத்தியவர்கள் ஆங்கிலேயர் மட்டுமல்லர். 1914 ஒக்டோபர் 31இல் பெல்ஜியத்தின் ஹொலபேக் கிராமத்தில், சகாக்கள் அனைவரும் மடிந்த பின்னும் இயந்திரத் துப்பாக்கியை இயக்கியவர் பஞ்சாப் முஸ்லிம் வீரர் குதாதாத் கான். விக்டோரியா சிலுவை விருது பெற்ற முதல் இந்திய வீரர் அவரே. அருகிலுள்ள ஈப்பர் நகரின் மெனின் வாயிலில், கல்லறை அறியப்படாத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்திய வீரர்களின் பெயர்களும் உண்டு.

மற்றொரு பக்கத்தையும் மாணவிகள் அறிய வேண்டும். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் கொங்கோவில் இறப்பருக்காக மக்களைக் கொடுமைப்படுத்தினார். அதனை 1904இல் அறிக்கையாக வெளிக்கொணர்ந்தவர் பிரித்தானியத் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மன்ட். கண்டனங்கள் வலுத்ததால் 1908இல் கொங்கோ மன்னரின் கையிலிருந்து பெல்ஜிய அரசிடம் சென்றது. எனினும் கொங்கோ மக்களுக்குச் சுதந்திரம் கிடைத்தது 1960இல்தான். சிறிய நாட்டின் உரிமைக்குக் குரல் எழுப்பிய உலகம், கொங்கோ மக்களின் உரிமையை அத்தனை காலம் காத்திருக்க வைத்தது.

ஆகவே மாணவிகளே, உடன்படிக்கை ஒன்றைப் படிக்கும்போது திகதியை மட்டும் மனனம் செய்யாதீர்கள். கைச்சாத்திட்டவர் யார், அதனால் நன்மை யாருக்கு, அதைக் காக்க உயிர் கொடுத்தவர் யார், அதில் இடமே பெறாதவர் யார் என்ற நான்கு கேள்விகளையும் கேளுங்கள். அப்போதுதான் அந்தக் கடதாசியின் பெறுமதி விளங்கும்.