எகிப்துக்குக் கிளம்பும் முன்: பெட்டிக்குள்ளும் மனசுக்குள்ளும் வைக்க வேண்டியவை

எகிப்து போய்வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கை வறண்டது என்பவர்களைவிட, கால் ஓய்ந்தது, கண் ஓய்ந்தது என்பவர்களே அதிகம். 4,500 வருடத்துச் சமாசாரத்தை எட்டு நாளில் பார்க்கக் கிளம்பினால் வேறென்ன ஆகும்? மூட்டுவலிக்கார மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய், சில தப்புகள் செய்து தெரிந்துகொண்டவை இவை.

1. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை போவதுதான் உத்தமம். பிள்ளைகளுக்கு லீவு என்று மே மாதத்தில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். லக்சர், அஸ்வான் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நம் ஊரில் ஒதுங்க ஒரு வேப்பமரமாவது இருக்கும். அரசர்களின் கல்லறைகள் இருக்கும் பள்ளத்தாக்கில் அதுவும் கிடையாது. ரமலான் மாதத்தில் பல இடங்களைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். அந்த மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால், போன வருஷம் போனவர் சொன்ன தேதியை நம்பாமல் காலண்டரைப் பாருங்கள்.

2. நாங்கள் செய்த பெரிய தப்பு, கெய்ரோவில் இறங்கிய மறுநாளே மியூசியத்துக்குப் போனது. மூன்றாவது கூடத்திலேயே சிலைகளை விட்டுவிட்டு உட்கார பெஞ்ச் எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டோம். யார் யாருக்கு அப்பா, எது எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று எதுவும் தெரியாதபோது எல்லாம் ஒரே கல்லாகத்தான் தெரியும். ஆகவே வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் கீசா, சக்காரா பிரமிடுகள். பிறகு தெற்கே லக்சர், அஸ்வான். திரும்பி வந்து கடைசி நாளில் மியூசியம். துட்டன்காமுன் மன்னனின் சின்னஞ்சிறு கல்லறையை லக்சரில் பார்த்துவிட்டு, 1922இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் அதற்குள்ளிருந்து வெளியே எடுக்கத் தொடங்கிய 5,000க்கும் மேற்பட்ட பொருட்களைக் கீசாவில் உள்ள அந்த மியூசியத்தில் பார்க்கும்போது, ‘இத்தனையும் அந்த நாலு அறைக்குள்ளா!’ என்று வாய் பிளக்கும். 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட கிராண்ட் எகிப்திய மியூசியம் இது. நேரம் குறித்த சீட்டு என்பதால் இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

3. வழிகாட்டி ‘மேல் எகிப்து’ என்றால் வரைபடத்தில் கீழே பாருங்கள். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால், மேடான தெற்குதான் அவர்களுக்கு ‘மேல்’. மேடான திசையை மேற்கு என்ற நமக்கு இது புரியாதா என்ன?

4. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. தூதரகத்தின் தளத்தில் நீங்களே பார்த்து, அதன் பிறகே விமான டிக்கெட்.

5. முக்கியமான இடங்களின் கவுன்ட்டரில் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான். நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் மூடியே இருக்கும்; வங்கியின் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். ஒன்றுக்கு இரண்டு கார்டு இருந்தால் நிம்மதி. ஆனால் கழிப்பறைக் கதவருகே நிற்பவர் முதல் பெட்டி தூக்குபவர் வரை ‘பக்‌ஷீஷ்’ என்ற இனாம் எதிர்பார்ப்பார்கள். அதற்குச் சில்லறை நோட்டுகளைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி வாங்கும்போது 50 எகிப்தியப் பவுண்டுக்குப் பதில் 50 பியாஸ்டர் நோட்டு வருகிறதா என்று பாருங்கள். 100 பியாஸ்டர்தான் ஒரு பவுண்டு!

6. விமானத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அரபு எண்களைப் படித்துவிடலாம். கடையில், டாக்சியில், ரயில் பெட்டியில் அவைதான் இருக்கும். புள்ளி வைத்தால் பூஜ்யம். நாம் பூஜ்யம் என்று நினைக்கும் வட்டம் 5. நம் 7 போலத் தெரிவது 6. ஆங்கில ‘வி’ போல இருந்தால் 7, அதைக் கவிழ்த்தால் 8. எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும் எண்ணை நம்மைப் போல இடமிருந்துதான் படிக்க வேண்டும். இது தெரிந்த பிறகு பழக்கடையில் எங்களிடம் யாரும் இரண்டு விலை சொல்லவில்லை.

7. மாத்திரைப் பையை மறுபடி ஒருமுறை பிரித்துப் பாருங்கள். டிரமடால் கலந்த வலி மாத்திரை எகிப்தில் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளது. கொண்டுபோய்ச் சிறை சென்றவர்கள் உண்டு. நம் ஊரில் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் பாரசிட்டமாலோடு சேர்த்தே எழுதிக்கொடுக்கிறார்கள் என்பதால், அட்டையின் பின்புறம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். இருந்தால் மாற்று மருந்து எதுவென்று டாக்டரைக் கேளுங்கள். மற்ற மருந்துகளுக்கும் சீட்டு கையில் இருக்கட்டும்.

8. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பயப்படவே வேண்டாம். அரிசி, மைசூர் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, தக்காளிச் சாறும் மொறுமொறு வெங்காயமும் மேலே போட்டுத் தருவார்கள். அதன் பெயர் கோஷாரி. மொச்சை வகைப் பயற்றை வேகவைத்து மசித்தால் ஃபூல். அரைத்து வடையாகப் பொரித்தால் தாமியா, நம் மசால்வடைக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆனால் முலுக்கியா என்ற கீரைக் குழம்பு பச்சையாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் கோழி, முயல் சாற்றில்தான் கொதிக்கிறது. ‘வெஜிடேரியன்’ என்று விளக்குவதைவிட ‘சியாமி’ என்று கேட்டுப் பாருங்கள். காப்டிக் கிறிஸ்தவர்களின் விரதச் சாப்பாட்டுக்கு அந்தப் பெயர். இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராது. தண்ணீர் மட்டும் மூடி உடையாத பாட்டிலில்.

9. பெரிய பிரமிடுக்குள் போக வேண்டுமா? தனிச் சீட்டு வாங்கி, முதுகை வளைத்து, மூச்சு முட்ட ஏறிப் போனால், முடிவில் இருப்பது ஒரு வெற்றுக் கருங்கல் அறையும் மூடியில்லாத ஒரு கல்பெட்டியும்தான். முட்டிவலிக்காரர்கள் வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பது என் கட்சி. அந்த நேரத்தையும் பணத்தையும் சக்காராவில் செலவிடுங்கள். கூபு மன்னனின் அந்தப் பெரிய பிரமிடுக்கும் ஒரு தலைமுறைக்கு மேல் மூத்த, ஜோசர் மன்னனின் படிப்பிரமிடு அங்கே இருக்கிறது. அருகில் மெரெருக்கா என்ற அமைச்சரின் கல்லறை. 30க்கும் மேற்பட்ட அறைகள், மண்டியிட்டுக் குனிய வேண்டிய வேலையில்லை. சுவர் நிறைய மீன் பிடிப்பவர்கள், பொற்கொல்லர்கள், மாடுகள். என் மாமியார் அங்கிருந்து கிளம்ப மறுத்துவிட்டார்.

10. லக்சர் பள்ளத்தாக்கில் 60க்கும் மேற்பட்ட கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. பொதுச் சீட்டுக்கு மூன்றுதான் பார்க்கலாம். மூன்றே போதும் என்று பிறகு நீங்களே சொல்வீர்கள். நான்காம் ராம்சேஸின் கல்லறை திறந்திருந்தால் முதியவர்களுக்கு அது எளிது, சரிவு குறைவு. கூடுதல் சீட்டு ஒன்று வாங்குவதானால் ஆறாம் ராம்சேஸின் கல்லறைக்கு வாங்குங்கள். விதானம் முழுக்க நட்சத்திரமும், மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் பெற்றெடுக்கும் நூத் தேவியும். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

11. அபு சிம்பெல் போக அஸ்வானிலிருந்து விடியற்காலை 4 மணிவாக்கில் புறப்பட வேண்டும். சாலை வழியே போக மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல். ஹோட்டலில் முதல் நாளே சொன்னால் காலைச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அணைநீரில் மூழ்காமலிருக்க 1964 முதல் 1968 வரை மலையையே அறுத்து 65 மீட்டர் உயரே ஏற்றி வைத்த கோயில் அது. அறுத்த கோடு தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள், பொழுது போகும்.

12. ஒட்டகத்தில் ஏறும் முன் இறங்குவதற்கும் சேர்த்து விலை பேசுங்கள். ஏற ஒரு கூலி, இறங்க ஒரு கூலி என்பது பழைய வித்தை.

13. டிரோன் வேண்டவே வேண்டாம், பறிமுதல் செய்துவிடுவார்கள். நம் தடித்த மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. உருண்டை இரண்டு முள் அடாப்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். துப்பட்டா ஒன்று மசூதிக்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும், மணல் காற்றுக்கும் ஆகும்.

14. ரொசெட்டாக் கல்லைக் கெய்ரோவில் தேடாதீர்கள்; லண்டனில் இருக்கிறது. நெபர்டிட்டியின் அந்த அழகு முகம் பெர்லினில். ‘நிஜப் பழசு’ என்று காதோடு சொல்லி யாராவது சிலை நீட்டினால் நடையைக் கட்டுங்கள். பொய்யானால் பணம் போச்சு, நிஜமானால் ஜெயில்.

15. செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டில், கி.மு. முதல் நூற்றாண்டுத் தமிழ் பிராமி எழுத்தில் ‘பானை ஒறி’ என்று இருந்தது. நம் பாட்டி வீட்டில் தயிர்ப் பானை தொங்கிய அதே உறிதான். இன்னும் தெற்கே பெரனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில், இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. இந்த இடங்களுக்கு அலைய வேண்டாம், மணல்மேடுதான் மிச்சம். அதற்குப் பதில் கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள நாகரிக மியூசியத்துக்குப் போங்கள். 2021 ஏப்ரலில் ஊர்வலமாக அங்கே கொண்டுவந்த 22 அரச மம்மிகளில் இரண்டாம் ராம்சேஸும் உண்டு. படம் எடுக்க அனுமதியில்லை. கி.மு. 1213இல் இறந்த அவர் மூக்குக்குள் மிளகு மணிகளை வைத்துத்தான் பாடம் செய்திருக்கிறார்கள் என்று நான் மெல்லச் சொன்னேன். மாமியார் குனிந்து நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, “சளி பிடிச்சிருந்ததோ என்னவோ, பாவம்” என்றார்.