பாஞ்ஜோ பழகத் தொடங்குவோர்க்கு

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் ஞாபகத்தோடு கடல் கடந்து, அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக் கிராமங்களில் வேரூன்றிய பாஞ்ஜோவைப் பயில விரும்புகிறவர், ஐந்து தந்திகள் கொண்டதையே முதலில் தேர்ந்துகொள்வது உசிதம். நான்கு தந்தி வாத்தியத்தின் சம்பிரதாயம் வேறு. (வடநாட்டில் பாஞ்ஜோ என்று வழங்கும் புல்புல்தாராவுக்கும் இதற்கும் பெயரளவே உறவு.)

நான்காம் தந்தி தொடங்கி முதல் தந்தி வரை மந்திர பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என்றும், கட்டைவிரலருகே உள்ள குட்டையான ஐந்தாம் தந்தியைத் தார ஷட்ஜமாகவும் சுருதி கூட்டிவிட்டால், இடக்கை தொடாமலே மீட்டினாலும் இனிமை பிறக்கும்.

குதிரை ஒட்டப்பட்டதன்று, தந்திகளின் அழுத்தமே அதை நிறுத்தியிருப்பதால், பழந்தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்றவேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு மீட்டும் நாதமும் அழுத்தி மீட்டும் நாதமும் ஒன்றாயிருத்தல் அவசியம். அழுத்தியது உயர்ந்து ஒலித்தால், குதிரையைக் கழுத்திலிருந்து சிறிது விலக்குக.

வலக்கையே இவ்வித்தையின் ஜீவன். ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பிரசித்தமாக்கிய முறைப்படி கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும், ஒரே விரல் அடுத்தடுத்து வாராவண்ணம், எட்டு மீட்டுக்களாக, அவசரமின்றித் தாளத்தோடு உருட்டிப் பழகுக. பின்புறம் தோலுக்கடியில் ஒரு துணியைச் செருகிவைத்தால் சத்தம் அடங்கும். அண்டைவீட்டார் சிநேகமும் நிலைக்கும்.