பிள்ளையை விடும் இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டீங்களா?

வேலம்பாளையத்தில் அப்பா, அம்மா இருவருமே பனியன் கம்பெனிக்குப் போகும் வீடுகள் நிறைய. பிள்ளை காலையில் காப்பகத்தில், சாயங்காலம் டியூஷனில். ஓவர்டைம் நாளில் பக்கத்து வீட்டில். அங்கே பிள்ளையோடு இருப்பவர் பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவரா என்று போனில் தேடிப் பார்க்க முடியுமா?

முடியாது. ஆனால் அதற்கு வேறு வழி இருக்கு.

பட்டியல் யாரிடம்?

பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பர் 20 அன்று தொடங்கப்பட்டது. தொடக்கத்திலேயே சுமார் 4.4 லட்சம் பதிவுகள். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கும் இதைக் காவல் துறை போன்ற விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம். அமெரிக்காவில் இத்தகைய பட்டியலைப் பொதுமக்களும் பார்க்கலாம். இங்கே அப்படி இல்லை. அதனால் ‘குற்றவாளிகள் லிஸ்ட்’ என்று வாட்ஸ்அப்பில் படத்தோடு வருவதை நம்பாதீங்க, பகிராதீங்க. பாதிக்கப்பட்டவரின் அடையாளம் அதில் வெளியானால், பகிர்ந்தவர் மீதும் வழக்கு வரலாம்.

நீங்கள் செய்யக்கூடியது

போக்சோ விதிகள் 2020, விதி 3-ன்படி பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் போன்ற இடங்கள் தங்கள் ஊழியர்கள் அனைவருக்கும் குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல் துறை சரிபார்ப்பு செய்தாக வேண்டும். ஒப்பந்த ஊழியருக்கும் இது பொருந்தும். பிள்ளையைச் சேர்க்கும்போதே கேளுங்க: “எல்லாருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் ஆயிடுச்சுங்களா? கடைசியா எப்போ செஞ்சீங்க?” தயங்க வேண்டியதில்லை, இது அவர்களின் சட்டக் கடமை. வேலைக்கு எடுப்பவர்களும், வீட்டுவேலைக்கு ஆள் வைப்பவர்களும் தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே இதற்கு விண்ணப்பிக்கலாம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். தேசியத் தரவுத்தளத்தில் இருப்பது தண்டனை பெற்றவர்கள் பெயர்தான். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்கின்றன தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. “அங்க போகமாட்டேன்” என்று பிள்ளை சொன்னால், அதட்டாமல் காரணம் கேளுங்க.

புகார் கொடுத்த பிறகு, காலக்கெடு

• 24 மணி நேரம்: காவல் துறை குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும்.
• 2 மாதம்: பாலியல் வன்கொடுமை, பாலியல் தாக்குதல் வழக்குகளில் புலன்விசாரணை முடிய வேண்டும்.
• 90 நாள்: விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று புகார்தாரருக்கு அல்லது பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். போனிலும் தெரிவிக்கலாம்.
• 30 நாள்: நீதிமன்றம் வழக்கை ஏற்ற நாளிலிருந்து இதற்குள் குழந்தையின் சாட்சியம் பதிவாக வேண்டும்.
• 1 ஆண்டு: கூடுமானவரை அதற்குள் வழக்கு முடிய வேண்டும்.

தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் கேட்க அதுதான் கைகொடுக்கும்.

குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ பிரிவு 21-ன்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். “பேர் கெட்டுடும்” என்று மூடி மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை.

1098 குழந்தைகள் உதவி எண், 181 பெண்கள் உதவி எண், 112 அவசர உதவி. மூன்றையும் இப்போதே போனில் பதிந்து வையுங்க. பிள்ளைக்கு 1098 மனப்பாடம் ஆகட்டும்.