‘அதனால்’ இல்லாமல் எதையும் போடாதே

இந்த ஆண்டு என்னிடம் வேலை பழக வந்த ஆறு பேரும் முதல் வாரத்திலேயே ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: “அக்கா, தினமும் என்ன போடுவது?” உடுத்துவதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று பெருமைப்பட்டேன். இன்ஸ்டாகிராமில் என்ன போடுவது என்று கேட்கிறீர்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

1994-இல் மயிலாப்பூரில் ஓர் அழகு நிலையத்தில் மணப்பெண்களுக்குச் சேலை கட்டிவிடத் தொடங்கினேன். அப்போது ‘ஸ்டைலிஸ்ட்’ என்ற சொல் எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. தையற்கடைக் கண்ணாடியில் செருகி வைத்த விசிட்டிங் கார்டுதான் என் ஒரே விளம்பரம். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். பத்து நாளுக்குள் இந்தியாவுக்கு ரீல்ஸ் வந்தது. ஊரடங்கில் முகூர்த்த வேலையெல்லாம் நின்றுபோய் நான் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் அது. கொடியில் காய்ந்த காட்டன் சேலையை நான் உதறி, நீவி, மடித்ததை என் மகள் படம் பிடித்துப் போட்டாள். அன்றிலிருந்து பட்டும் கெட்டும் கற்றதை இங்கே எழுதுகிறேன். பொதுவாக எழுதினாலும், உன்னிடம் தனியாகச் சொல்வதாக நினைத்துக்கொள்.

1. முடிவெடுத்த நிமிடத்தைக் காட்டு.
காலையில் நீ காபி குடிப்பதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. காபி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எட்டு மணிக்குப் பீரோவின் முன்னால் நின்று நீ போடும் கணக்குதான் மற்றவர்களிடம் இல்லாதது. “பத்து மணிக்குப் பிள்ளையின் பள்ளியில் மீட்டிங். வானம் மூட்டமாக இருக்கிறது. பஸ்ஸில்தான் போக வேண்டும். அதனால் பட்டு வேண்டாம், செட்டிநாட்டுக் கண்டாங்கி. அந்தக் காலத்தில் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய சேலை அது. இரண்டு விரற்கடை தூக்கிக் கட்டினாலும் அகலமான கரை அழகாக நிற்கும்.” இதில் உன் வாழ்க்கையும் இருக்கிறது, உன் தொழிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது ‘அதனால்’ என்ற சொல். அந்தச் சொல் வராத வீடியோ உன் ஆல்பத்திலேயே இருக்கட்டும்.

2. கேட்ட கேள்வியை எழுதி வை.
கைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். வாடிக்கையாளர், பக்கத்து வீட்டுக்காரி, ஷேர் ஆட்டோவில் உடன் வந்த பெண் என்று யார் கேட்டாலும் கேட்டபடியே குறித்துக்கொள். “கொசுவம் ஏன் ஒரு பக்கமாகச் சரிகிறது?”, “சாஃப்ட் சில்க் கட்டினால் ஏன் இடுப்பில் பந்துபோல நிற்கிறது?”, “அப்பாவுக்கு நாலு முழ வேட்டியா, எட்டு முழ வேட்டியா?” ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டால் அது ஒரு வீடியோ. ஆறு மாதத்தில் அந்த நோட்டு நிறைந்துவிடும். ‘என்ன போடுவது’ என்று என்னிடம் வந்து நிற்க மாட்டாய்.

3. வேலையின் அழுக்குப் பக்கம்தான் ருசி.
கட்டி முடித்த சேலையை எல்லாரும் காட்டுகிறார்கள். அதற்கு முந்தைய நாளைக் காட்டு. ஃபால்ஸ் துணியைத் தைக்கும் முன் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பது. நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் அது சுருங்கிச் சேலையின் ஓரத்தை இழுத்துவிடும். ஓரம் அடிக்கக் கொடுத்துவிட்டுக் கடை வாசலில் நிற்பது. முந்தானை மடிப்பில் ஊக்கு குத்தும் இடத்தில் துணி கிழியாமலிருக்க ஒரு சின்ன மணியை ஊக்கில் கோத்துக்கொள்வது. ஆடித் தள்ளுபடியின்போது ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் உள்பாவாடைக்கு நிறம் தேடி அலைவது. இதெல்லாம் உனக்குச் சலித்த வேலை. பார்ப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தராத வேலை.

4. பிசகியதையும் சொல்.
நல்ல வாசனையாக இருக்கட்டும் என்று என் கல்யாணப் பட்டின்மேலேயே ஒரு முறை சென்ட் அடித்துவிட்டேன். ஜரிகை அந்த இடத்தில் கறுத்தது, கறுத்ததுதான். வெள்ளிக் கம்பியில் தங்க முலாம் பூசிய ஜரிகைக்கு ரசாயனம் ஆகாது. அந்தக் கறையைக் காட்டி ஒரு நிமிடம் பேசினேன். என் நல்ல சேலைகளை எல்லாம் சேர்த்து வைத்தாலும் அந்தக் கறுப்புக்குக் கிடைத்த நம்பிக்கை கிடைக்கவில்லை. ஒன்று மட்டும்: உன் பிசகை மட்டும் சொல். தையல்காரர் கெடுத்த ரவிக்கையையும் வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த நிறத்தையும் சந்திக்கு இழுக்காதே.

5. டியூப் லைட்டை நம்பாதே.
ஒரு முறை இரவில் எடுத்த வீடியோவில் அரக்குச் சேலை ஒன்று மிளகாய்ப்பழச் சிவப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்து அதே மாதிரி வாங்கிய பெண் என்னைத் தேடி வந்து சண்டை போட்டாள். அவள் பக்கம்தான் நியாயம். நம் தொழிலில் நிறம் பொய் சொன்னால் எல்லாமே பொய்தான். காலை வெளிச்சம் வரும் ஜன்னலுக்கு எதிரே நில். ஃபில்டரை நிறுத்து. பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை வை. அது படத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் சேலையின் நிறமும் அந்த அளவுக்கு மாறியிருக்கிறது என்று அர்த்தம். நிறத்துக்கு நம் ஊர்ப் பெயரைச் சொல்: மயில் கழுத்து, கத்தரிப்பூ, வெங்காயத் தோல், மாம்பழ மஞ்சள். எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் ஒரு நீலத்துக்கே எம்.எஸ். ப்ளூ என்று பெயர் வந்துவிட்டது. ஒரு சொல்லிலேயே அந்த நிறம் கேட்பவர் கண்முன் வந்து நிற்கும்.

6. உடம்பைக் குறை சொல்லிப் பிழைக்காதே.
“குண்டாகத் தெரியாமல் இருக்க”, “கறுப்பானவர்கள் தவிர்க்க வேண்டியவை” என்றெல்லாம் தலைப்பு வைத்தால் கூட்டம் வரும். வந்தவர்கள் தங்கள்மேல் வெறுப்போடு திரும்பிப் போவார்கள். துணியைப் பற்றிப் பேசு. மொடமொட காட்டன் உடம்பை விட்டு விலகி நிற்கும். ஜார்ஜெட் ஒட்டி விழும். கொசுவத்தை அகலமாக எடுத்தால் எண்ணிக்கை குறைந்து முன்பக்கம் தட்டையாக இருக்கும். இதைச் சொல்லிவிடு, எது வேண்டும் என்பதைக் கட்டுகிறவள் முடிவு செய்வாள். மாநிறத்துக்கு ஒத்துவராத நிறம் என்று ஒன்று கிடையாது. முப்பது வருடத்தில் எத்தனையோ மணப்பெண்களுக்குக் கட்டிவிட்டேன், அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை. உன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒல்லியான பிள்ளைகள் மட்டுமே இருந்தால், உன் அம்மாவை, சித்தியை, மாடி வீட்டு ரிடையர்டு டீச்சரை அழைத்துக் கட்டிவிடு.

7. கட்டினதையே கட்டு.
தினம் ஒரு புதுச் சேலை காட்டுகிறவள் கடைக்கு விளம்பரம் செய்கிறாள். நம்மிடம் வருகிறவர்களில் பலருக்குப் பீரோவில் இருபது சேலை, அதில் கட்டுவது ஐந்து. அந்த ஐந்தை வைத்து ஒரு மாதத்தை எப்படி ஓட்டுவது என்று நீ காட்ட வேண்டும். ஒரே சுங்குடிச் சேலையை ஆபீஸுக்கு ஒரு ரவிக்கையோடும், மார்கழிக் கச்சேரிக்கு வேறொரு ரவிக்கையோடும், மாமியார் வீட்டுக்கு மூன்றாவதோடும் கட்டு. மூன்று நாளும் அதே சேலைதானா என்று யாராவது கேலி செய்தால், “ஆமாம், என் சம்பளத்தில் வாங்கியது” என்று பதில் எழுது.

8. வாடிக்கையாளரின் வாழ்க்கை உன் வாழ்க்கை அல்ல.
இதை மெதுவாகப் படி. சில வருடங்களுக்கு முன் ஒரு நிச்சயதார்த்தச் சேலையை மடித்து, ஊக்கு குத்தி, பெட்டியில் அடுக்குவதை ஸ்டோரியில் போட்டேன். பெண்ணின் முகம் இல்லை, பெயர் இல்லை. மேசையின் ஓரத்தில் பத்திரிகை மட்டும் பாதி தெரிந்தது. விஷயம் இன்னும் சொல்லப்படாத ஓர் உறவினர் அதைப் பார்த்துவிட்டார். “ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எங்களுக்கா?” என்று அந்த வீட்டில் பெரிய சண்டை. பெண்ணின் அம்மா என்னைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம் இது. விசேஷம் முடிந்த பிறகுதான் போடுவேன். எதை, எங்கே போடப்போகிறேன் என்று சொல்லி, வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே சம்மதம் வாங்குவேன். கட்டணம் பேசும் நேரத்தில் கேட்க மாட்டேன். தள்ளுபடிக்காகத் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. பிறகு மனம் மாறி எடுக்கச் சொன்னால் அன்றே எடுத்துவிடுவேன். ட்ரையல் அறையில் காமிரா கிடையாது. அங்கே பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி, புருஷனைப் பற்றி, அம்மாவைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த அறையோடு போகட்டும். பெயரை மாற்றிக் கதையாகக்கூட எழுதாதே, அவளுக்குத் தெரிந்துவிடும்.

9. வீட்டுக்காரர்களுக்கும் அதே சட்டம்.
அம்மாவின் பீரோ நல்ல விஷயம்தான். ஆனால் திறப்பதற்கு முன் அம்மாவைக் கேள். பிள்ளையைப் பள்ளிச் சீருடையோடு காட்டாதே. நிற்கும் இடத்தை அங்கிருந்து கிளம்பிய பிறகு போடு. வீட்டு வாசலும் வண்டி நம்பரும் படத்தில் விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்.

10. தறியைப் பற்றிப் பேசினால் தெரிந்து பேசு.
கடைக்காரர் சொன்னார் என்பதற்காக எல்லாப் பட்டையும் காஞ்சிபுரம் என்று சொல்லாதே. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது, கண்டாங்கிக்கு 2019-இல். பட்டு அசல்தானா என்பதற்கு மத்திய பட்டு வாரியம் கொண்டுவந்த சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. ஆனால் அந்த முத்திரை பட்டு சுத்தமா என்பதைத்தான் சொல்லும், கைத்தறியா விசைத்தறியா என்பதைச் சொல்லாது. கோர்வை என்றால் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைப்பது; கைத்தறியில் அதற்கு ஓர் ஆள் துணைக்கு வேண்டும். ஒரு நாள் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறிப் போய்த் தறியின் பக்கத்தில் உட்கார்ந்து பார். விலை ஏன் அவ்வளவு என்று அதற்குப் பிறகு நீயே சொல்லிவிடுவாய்.

11. காசு வாங்கினால் சொல்லிவிடு.
பணம் மட்டுமல்ல, இலவசமாக வந்த சேலையும் காசுதான். விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என 2021-இல் விளம்பரத் தரக் கவுன்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் அதையே சொன்னது. ஏமாற்றும் விளம்பரத்துக்குச் சட்டத்தில் லட்சக்கணக்கில் அபராதம் உண்டு. அதைவிட, உன் ‘அதனால்’ விலைக்கு வாங்கப்பட்டது என்று பின்னால் தெரியவந்தால் அடுத்த ‘அதனால்’ செல்லாது. “இது விளம்பரம்” என்பதை முதல் வரியிலேயே தமிழில் எழுது.

12. கொசுவத்துக்கு இரண்டு கையும் வேண்டும்.
முகூர்த்த நாளில் போனைத் தொடாதே. நீ கட்டிவிடுவதைப் படம் எடுக்க வேண்டுமென்றால் உதவியாளை வை, அதற்கும் முன்கூட்டியே அனுமதி கேள். ஐந்தரை மணி முகூர்த்தம், பெண் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள், நீ ஆங்கிள் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றால் நீ செய்வது ஸ்டைலிஸ்ட் வேலை அல்ல. வாரத்தில் ஒரு நாள், செவ்வாயோ புதனோ, இரண்டு மணி நேரம் ஒதுக்கு. நோட்டில் உள்ள நாலு கேள்வியை உட்கார்ந்து எடுத்து முடி. மற்ற நாட்களில் வேலையைப் பார்.

13. ஒன்றும் இல்லாத நாளில் ஒன்றும் போடாதே.
அப்படி நாட்கள் வரும். எண்ணிக்கை குறைகிறதே என்று பயந்து, நடக்காத ஒன்றை நடந்ததுபோல் நடிக்காதே. பீரோவைத் திற. ரொம்ப நாளாகக் கட்டாத பட்டை எடு. மடித்த மடிப்பிலேயே கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். அதனால் அதைப் பிரித்து, நிழலில் கொஞ்சம் காற்றாட விட்டு, வேறு இடத்தில் மடிப்பு விழும்படி மடித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வை.

போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுச் செய்.