ஸ்பீக்கர் வாங்கப் போகும் மருமகனுக்கு

இணுவில்,
வெள்ளிக்கிழமை

அன்பின் மருமகன்,

குடிபூரலுக்கு முன்னம் பெரிய ஸ்பீக்கர் எடுக்கப் போகிறீர் என்று அக்கா நேற்றுச் சொன்னா. ஆயிரம் வாட் என்று போட்ட பெட்டியாம், லைற் வேறு மின்னுமாம். உம்முடைய உழைப்பு, உம்முடைய வீடு. எதை வாங்கினாலும் உம்முடைய விருப்பம்தான். காசைக் கொடுக்க முன்னம் இதை ஒருக்கால் வாசியும், அவ்வளவுதான்.

அந்த ஆயிரத்தை நம்ப வேண்டாம். பக்கத்தில் சின்ன எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருந்தால் அது விற்கிறவனுடைய கணக்கு. தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட், அதாவது ஆர்.எம்.எஸ்., எத்தனை என்று கேளும். அதைவிட முக்கியமாக, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கும் என்று கேளும். 86 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்டில் போடும் சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் போட்டுவிடும். வாட்டை இரட்டித்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும்.

1990 இல் சண்டையால் கரண்ட் நின்ற பிறகு நாங்கள் பாட்டுக் கேட்ட விதத்தை அக்கா சொல்லியிருப்பா. பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லில் டைனமோவை முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவோம். கை களைத்தால் கசற் இழுபடும், உடனே அடுத்த ஆள் மாறுவார். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாட். அந்த 3 வாட்டைச் சுற்றி முற்றம் நிறையச் சனம் இருந்து கேட்டது. உம்முடைய ஹோல் அந்த முற்றத்தில் பாதியும் இல்லை.

ஹோலை நிறைக்க வேண்டியது வாட் இல்லை, மருமகன். தரை முழுக்க மாபிள், சுவர் மொட்டை, முன்பக்கம் கண்ணாடி. நடுவில் நின்று ஒருதரம் கையைத் தட்டிப் பாரும், ‘ணங்’ என்று திரும்பி வரும். அந்த அறைக்குள் சத்தத்தைக் கூட்டக் கூட்டப் பாட்டின் சொற்கள்தான் குழம்பும். தடித்த திரைச்சீலை போடும், கீழே ஒரு கம்பளம் விரியும், அப்பாவின் புத்தக அலுமாரியை அங்கேயே வையும். பிறகு இரண்டு தனி ஸ்பீக்கர், நல்ல மரப்பெட்டியில், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, இருக்கிற ஆளின் காது உயரத்தில். மூலைக்குள் தள்ளினால் பேஸ் மட்டும் ஊதிப் பெருக்கும்.

பேஸைப் பற்றித்தான் எனக்குப் பயம். கீச்சுச் சத்தத்தைச் சுவர் பிடித்துவிடும், பேஸ் சுவருக்குள்ளால் போகும். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் அம்மம்மாவின் கட்டில். போன வருசம் ஒழுங்கையில் யாரோ பிறந்தநாளுக்குப் போட்ட ‘திம் திம்’ சத்தத்துக்கு அவ எழும்பி, லைற்றை நூர்த்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே குனிந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். பாட்டுத்தான் அம்மா என்று சொல்லியும் வெளியே வர மாட்டேன் என்றா. உமக்குச் சண்டைக்காலத்துச் செல்லடி தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் அவவுக்குத் தெரியும்.

சின்னம்மாவின் கலியாணத்தில் நடந்ததும் எனக்கு இன்னும் ஆறவில்லை. சவுண்ட் செற் பிடித்தது யார் என்று இங்கே எழுதவில்லை, உமக்குத் தெரியும். மேளகாரர் மடியில் தவிலை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க, பந்தலின் நாலு மூலையிலும் சினிமாப் பாட்டு. தாலி கட்டும்போதுகூடக் கெட்டிமேளம் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி பிறந்த ஊர் இது. இந்த ஊரில் தவில்காரரை வாய்மூட வைத்தார்களே! ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் கரண்ட் இல்லாமல் கோயில் வீதி முழுதையும் நிறைக்கும். சத்தம் நிறைவது வேறு, அடிப்பது வேறு. அன்றைக்கு எங்களை அடித்தார்கள்.

2007 இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணிக்குப் பிறகு விடிய 6 மணி மட்டும் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று சொன்னது, வெலிகமப் பள்ளிவாசல் வழக்கில். சட்டம் கிடக்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஓ.எல். சோதனை வருகிறது. உம்முடைய காதையும் யோசியும். 85 டெசிபலில் 8 மணித்தியாலம் இருக்கலாம் என்கிறார்கள், 100 டெசிபல் என்றால் 15 நிமிசம்தான். போன காது திரும்பி வராது.

முற்றத்தில் பந்தல் போட்டு ஆடுகிற நாளுக்கு அந்தப் பார்ட்டிப் பெட்டிகள் நல்லவைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஜே.பி.எல். பார்ட்டிபாக்ஸ் 110 என்பது 160 வாட், பற்றரியில் 12 மணித்தியாலம் பாடும். அந்த ஒரு நாளுக்கு வாடகைக்கு எடும். வருசம் முழுக்க ஹோலில் கேட்க வேண்டியது வேறு. கடைக்குப் போகும்போது உமக்குப் பாடமான பாட்டு ஒன்றைக் கொண்டுபோய், குறைந்த சத்தத்தில் போட்டுக் கேளும். குறைந்த சத்தத்தில் சொல் விளங்காத ஸ்பீக்கர் கூட்டினாலும் விளங்காது.

கனக்க எழுதிவிட்டேன், கோபிக்க வேண்டாம். எங்கள் குடும்பத்தில் சொந்த உழைப்பில் வீடு கட்டின முதல் பிள்ளை நீர். எனக்கு எவ்வளவு பெருமை என்று மாமியைக் கேளும், வாறவர் போறவர் எல்லாருக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆயிரம் வாட் பெட்டியைத்தான் கொண்டுவந்தாலும் நான் வந்து முன்கதிரையில் இருப்பேன். வயர் இழுக்கவும் வருவேன். மாமி உமக்கென்று ஒடியல் மா இடித்து வைத்திருக்கிறா, வந்த அன்றே கூழ். உடம்பைப் பார்த்துக்கொள்ளும், நேரத்துக்குச் சாப்பிடும்.

அன்புடன்,
மாமா

பி.கு.: கோண்டாவிலில் ஒருவர் வெளிநாடு போகிறார், 8 அங்குல வூஃபர் போட்ட மரப்பெட்டிச் சோடி ஒன்றை அம்பிளிபயரோடு விற்கிறார். போய்க் கேட்டேன், அருமை. ஞாயிறு மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று முற்பணம் கொடுத்திருக்கிறேன். வேண்டாமென்றால் சொல்லும், ஒன்றும் பிழையில்லை.